கட்டளையும் அறிவுரையும்

லண்டன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தேசத்தில் குடியேறும் நம்மவர்கள் முதலில் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய ஆங்கில நூல் எதுவென்று எவரேனும் கேட்டால், கதையையோ காவியத்தையோ சொல்லாமல், 1931-ஆம் வருஷம் முதன்முதலாக வெளிவந்து இன்றுவரை திருத்தம் பெற்றுவரும் 'ஹைவே கோட்' என்னும் சாலை விதிநூலையே சொல்வேன். சாத்தியத்தையும் அனுமதியையும் கடமையையும் உணர்த்தும் 'மே', 'ஷுட்', 'மஸ்ட்' முதலிய துணைவினைகள் எத்தகைய பாரத்தைச் சுமக்கின்றன என்பது அந்நூலில்தான் ஐயத்துக்கு இடமின்றி விளங்குகிறது.

'மஸ்ட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்குமிடமெல்லாம் சட்டத்தின் கட்டளை. அதை மீறினால் அபராதமும், லைசென்ஸில் தண்டனைப் புள்ளிகளும், குற்றம் கொடியதாயின் சிறைவாசமும் உண்டு. 'ஷுட்' என்றிருந்தாலோ, அவ்விதியைக் கைக்கொள்ளாமை தன்னளவில் வழக்குக்கு உரியதன்று. ஆயினும் விபத்து நேர்ந்து விவகாரம் கோர்ட்டுக்குப் போகுமானால், பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க அதுவே சாட்சியமாகலாம் என்று 1988-ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடம் வைத்திருக்கிறது.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் பாருங்கள். ஸீப்ரா கிராஸிங்கின் ஓரத்தில் ஒரு மூதாட்டி காத்து நிற்கிறாள். அவளுக்கு வழிவிடுவது பற்றி நூல் 'ஷுட்' என்கிறது. அவளே அக்கோடுகளின்மேல் கால் வைத்துவிட்டால், அக்கணமே அது 'மஸ்ட்' ஆகிறது. ஓர் அடியில் அறிவுரை கட்டளையாக மாறுவதை இவ்வளவு நேர்மையாகக் குடிமகனுக்கு எடுத்துச் சொல்லும் ராஜாங்கத்தை நான் மனமார மதிக்கிறேன். எது ஆணை, எது யோசனை என்று அறிவிக்காமலே தண்டிப்பது அநீதியல்லவா?

நீதிபதிகளையும் இத்தகைய சொற்கள் வருத்தியதுண்டு. ஒரு பாதிரியார்மீது வந்த புகாரை விசாரிக்க ஆக்ஸ்போர்டு பிஷப் மறுத்தபோது, அப்படி விசாரிப்பது அவருக்குச் 'சட்டப்படி செல்லும்' என்ற சட்ட வாசகம் அதிகாரத்தை மட்டும் தருகிறதா, கடமையையும் சுமத்துகிறதா என்று வழக்கு மூண்டது. அது தன்னளவில் அதிகாரத்தையே தருவது, கடமை வேறு காரணங்களால் பிறக்க வேண்டும் என்று 1880-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

நம் தமிழில் 'வழிவிட வேண்டும்' என்றால் 'மஸ்ட்', 'ஷுட்' இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. குரலை அழுத்தியோ, 'கட்டாயம்' என்று சேர்த்தோதான் பேதம் காட்டுகிறோம். முன்பு இங்கே கார் ஓட்டுவதற்கான தியரி பரீட்சையைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுதும் வசதி இருந்தது. 2014 ஏப்ரல் 7 முதல் அது நிறுத்தப்பட்டதால், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் இரண்டு துணைவினைகளையும் மனத்துக்குள் ஒரே 'வேண்டும்' ஆக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போய் அமர்கிறார். அவரைவிட, 'ஷுட்' என்பது வெறும் உபசார வார்த்தை என்று எண்ணி, காத்து நிற்பவளைக் கடந்து விரைந்து போகிறவரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

ஆகையால், நம்மவருக்குத் தமிழில் கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியர்கள், 'மஸ்ட்' என்பதை 'வழிவிட்டே தீர வேண்டும்' என்றும், 'ஷுட்' என்பதை 'வழிவிடுவதே முறை' என்றும் முதல் நாளிலேயே பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்களாக.

தங்கள் அன்புள்ள,
லண்டன்வாசி