இரண்டரை அங்குலம்

ஜீப்பின் அடியில் மூன்று நாள் மல்லாந்து கிடந்ததைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது பொருத்தம்தானா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. படிமம் பற்றி ஒரு கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. சீயக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் அது போகவில்லை. ஆகவே இது.

நான் இருப்பது கொல்லிமலையில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து, தார்ச்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் போனால் வீடு. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காப்பி, அப்பா விட்டுப்போன பழைய மகேந்திரா ஜீப். 2021 ஐப்பசி மழையில் பாதை அரித்து, ஓடையைத் தாண்டியதும் ஒரு பாறை முதுகைக் காட்ட ஆரம்பித்தது. ஒருநாள் இரவு அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். ஜீப்பில் வைத்துக் கிளம்பினேன். வண்டி வயிறு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் சேற்றில் சுழன்றன, வண்டி நகரவில்லை. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நான்கு பேர் வந்து, மூங்கிலில் தூளி கட்டி அம்மாவைத் தார்ச்சாலை வரை சுமந்தார்கள். அம்மா பிழைத்துவிட்டாள். ஆனால் ஊர் பார்க்கத் தூளியில் போனதை அவள் மன்னிக்கவில்லை. யாரை என்று நான் கேட்டதில்லை.

வண்டியை உயர்த்துவது என்று முடிவு செய்தேன்.

உயர்த்துவதில் பல வழிகள் உண்டு. மிகச் சுலபமானது சட்டத்துக்கும் கூண்டுக்கும் நடுவே கட்டைகளைக் கொடுத்துக் கூண்டை மட்டும் தூக்குவது. பார்க்க வண்டி நிமிர்ந்து நிற்கும். சட்டமும் அச்சும் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நம் வசனத்தில் இந்த வேலை நிறைய நடக்கிறது. விஷயத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே பழஞ்சொற்களைக் கட்டையாகக் கொடுத்துத் தூக்கிய பத்திகளை நானும் எழுதியிருக்கிறேன்.

அடுத்தது அச்சுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை அச்சுக்கு மேலே மாற்றி வைப்பது. ஒரே வீச்சில் நாலைந்து அங்குலம் கிடைக்கும். ஆனால் அச்சில் புதிய தாங்கிகளை வெல்டு வைக்க வேண்டும், ஸ்டியரிங் தண்டுகள் கோணலாகிவிடும், பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி கிராஸ் சீக்கிரம் தேயும். வளைவுகளில் வண்டி சாய்கிற சாய்வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 70 வளைவு இறங்கித்தான் எனக்கு ஆஸ்பத்திரி.

இதைவிட முக்கியமான ஒன்றை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பட்டையை எவ்வளவு வளைத்தாலும் அச்சு உயராது. அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தக் கூடியது டயர் ஒன்றுதான். அதிலும் டயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால் அச்சுக்குக் கிடைப்பது ஒன்று. ஆறு-பதினாறு டயரைக் கழற்றி ஏழு-பதினாறு போட்டபோது எனக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். மிச்சத்தைப் பட்டையிடம் கேட்க வேண்டும்.

அதற்காக நாமக்கல் போனேன். லாரி ஊர். பட்டை அடிக்கும் பெரியவர் ஒருவரின் பட்டறையில், கழற்றிக்கொண்டு போயிருந்த ஒரு பக்கத்துச் செட்டை இறக்கினேன். அவர் தரையில் சாய்த்து வைத்து, இரண்டு காதுக்கும் நூல் பிடித்து, நடுவில் அளந்தார்.

"இன்னும் ரண்டு பட்டை சேத்துப் போட்டாப் போதுமாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"போட்டா ஒசருமுங்க. ஆனா அதுல ஆளு ஒக்கார முடியாது. மூட்டைதான் ஒக்காரும்."

பட்டையைக் கூட்டினால் உயரத்தோடு விறைப்பும் கூடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. என் பட்டைகள் இத்தனை வருஷத்தில் ஒன்றரை அங்குலம் படுத்துவிட்டிருப்பதாகவும், அதை மீட்டுக் கொடுத்தாலே போதும் என்றும் சொன்னார். நான் உயர்த்த நினைத்தது பாதி இழந்ததுதான் என்பது சற்று ஏமாற்றமாக இருந்தது. ஒவ்வொரு பட்டையாகப் பிரித்து, சம்மட்டியால் சிறுசிறு அடிகளாக நீளம் முழுக்க அடித்து வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார். உலையில் வைக்கவில்லை. சூடு காட்டினால் திரும்பப் பதம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி படுத்துவிடும் என்றார். மூலையில் உடைந்த லாரிப் பட்டைகள் குவிந்து கிடந்தன. அருவாள் அடிக்க எடுத்துப் போவார்களாம். வில்வண்டி என்று ஒரு காலத்தில் நாம் சொன்னோம். அந்த வில்தான் இது. பிறகு எப்படியோ ஸ்பிரிங் ஆகிவிட்டது.

மாட்டுவதை நானே செய்தேன். கூலி மிச்சம் என்பது காரணமில்லை. தூளிக்குப் பிறகு வேறு யார் கையிலும் இதைக் கொடுக்க மனமில்லை. சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, பலாக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் இறக்கினேன். ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவனுக்கு வாரிசுகள் தயாராக இருக்க வேண்டும். யூ-போல்ட் நட்டுகளுக்கு முதல் நாள் இரவே டீசல் ஊற்றி வைத்திருந்தும் இரண்டு அசையவில்லை, ரம்பம் போட்டேன். போட்டது நல்லதாயிற்று, ஒருமுறை இழுபட்ட யூ-போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. பட்டையின் நடு போல்ட்டின் தலை தாங்கியின் குழியில் சரியாக உட்கார வேண்டும். அந்த அரை அங்குலக் குழியைத் தேடி ஒரு மதியம் போனது. காதுகளின் போல்ட்டை வண்டி தொங்கும்போதே முறுக்கிவிட்டேன். பிறகு எங்கோ படித்தது நினைவுக்கு வர, எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் பட்டையில் விழுந்த பின் மறுபடி முறுக்கினேன். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து கிழிந்துவிடும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவர் சொல்லாத ஒன்றையும் செய்தேன்: பட்டையின் முன்முனை தொங்கும் சாக்கிளை ஓரங்குலம் நீளமாக வெட்டிப் போட்டேன். ஓரங்குலத்துக்கு அரை அங்குலம்தான் உயரும், அச்சு நடுவில் இருப்பதால். அந்த அரை அங்குலப் பேராசைக்கு வண்டி பழிவாங்கியது. முன் அச்சு முன்பக்கமாகக் கவிழ்ந்து, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணத்தை இழந்தது. நேர்ச்சாலையில் வண்டி குடித்தவன்போலப் போயிற்று. அதற்கு ஒரு மருந்து உண்டு: பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்பு. கையேட்டுப் படத்தில் இருந்தபடி தடித்த பக்கத்தைப் பின்னால் வைத்து இறுக்கினேன். இன்னும் மோசமாயிற்று. அந்தப் படம் அச்சுக்கு மேலே பட்டை உள்ள வண்டிக்கானது. என்னுடையது அடியில். எனக்கு அது தலைகீழ். ஆப்பையும் நீள சாக்கிளையும் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதையே மாட்டினேன். தயாரித்தவனின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் அப்போது வசதியாக ஞாபகத்துக்கு வந்தது.

ஆக, பட்டையில் ஒன்றரை, டயரில் ஒன்று. ஜீப் ஓடையைத் தாண்டிப் பாறைமேல் வந்தபோது கதவைத் திறந்து தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். உரசவில்லை. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

அம்மா வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள். 78 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கைப்பிடியைப் பிடித்தாள், காலைத் தூக்கினாள், இறக்கினாள். இரண்டாம் முறையும் அப்படியே. என் கையை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். நான் எல்லாவற்றையும் அளந்திருந்தேன், பாறை உட்பட. அவள் காலை அளக்கவில்லை.

"தூளியே தேவலை போலிருக்கேடா" என்றாள்.

மிச்சம் கிடந்த துண்டுப் பட்டை ஒன்றை வளைத்து, கதவுக்குக் கீழே படியாகத் தொங்கவிட்டேன். அம்மா அதில் கால் வைத்து ஏறினாள். நாமக்கல் போய்த் திரும்பினோம். திரும்பும்போது அந்தப் படி பாறையில் மாட்டி, மடங்கி, பெருஞ்சத்தத்தோடு பிய்ந்துகொண்டது. வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

"அந்தப் பாறையை உடைச்சிருக்கலாமே" என்றாள் அம்மா.

அது வனத்துறையின் இடம், கை வைக்க முடியாது என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது அடுக்களை முக்காலி ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வண்டி நின்றதும் நான் இறங்கிப் போய் அதைப் போட வேண்டும். அவள் இறங்கியதும் எடுத்து வைக்க வேண்டும். வீட்டில் மேல்தட்டிலிருக்கும் புளிப்பானையை எடுக்க அவளுக்கு எட்டுவதில்லை. அதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள்.