ஆம்பூர் பஜாரில் சம்பள மாலை

ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நின்றதும் ஆம்பூர் பஜாரில் முதலில் நீள்வது ஏடிஎம் வரிசைதான். சம்பளம் ஏறிய வாரம். வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். 2017இல் கூலிச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, தொழிலாளி எழுதிக் கொடுக்காமலே சம்பளத்தை வங்கியில் போட முடிகிறது. கார்டு எல்லோரிடமும் இருக்கிறது. அது வெளியே வருவது இந்த ஒரு இடத்தில் மட்டும்.

பெரும்பாலோர் மொத்தமாகவே எடுக்கிறார்கள். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 முறைதான் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை, வரி தனி. வருவதெல்லாம் ஐநூறு ரூபாய்த் தாள்.

பக்கத்துத் தள்ளுவண்டியில் ஓர் அம்மா எழுபது ரூபாய்க் காய்க்கு அந்தத் தாளை நீட்டினார்.

"சில்லறை இல்லக்கா, ஸ்கேன் பண்ணிடுங்க."

"போன் வீட்ல இருக்குதுண்ணா."

தேவையில்லாத வெங்காயம் இரண்டு கிலோ பைக்குள் போன பிறகுதான் மீதி கிடைத்தது. ரொக்கத்துக்கு அவர் கொடுத்த விலை அது. கார்டு தேய்க்கும் மெஷின் தள்ளுவண்டியில் ஏது? 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வியாபாரியிடம் கட்டணம் இல்லை என்பதால் க்யூஆர் அட்டை மட்டும் எல்லா வண்டியிலும் தொங்குகிறது.

ஏன் ஸ்கேன் செய்வதில்லை என்று அவரிடமே கேட்டேன். கணக்குத் தொடங்கியபோது சொந்த போன் இல்லை. வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அந்த நம்பருள்ள சிம்மிலிருந்து மெசேஜ் போனால்தான் யுபிஐ செயலி கணக்கோடு இணையும்.

"நோட்டா கையில இருந்தா எவ்ளோ செலவாச்சுன்னு எனக்குத் தெரியும். போன்ல போனா அவருக்குத்தான் தெரியும்."

இதைப் பழமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தன் உழைப்பின் பணத்தைத் தன் கண்ணால் எண்ணிச் செலவழிக்க அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி அது. பட்டன் போனிலும் யுபிஐ செய்ய 2022இலேயே வசதி வந்துவிட்டது; அதற்கும் கணக்கில் அவருடைய நம்பர் இருக்க வேண்டும்.

"பேங்க்ல போய் மாத்தலாமே அக்கா?"

"பேங்க் தொறந்திருக்கிற நேரம் நான் கம்பெனியில. ஒரு நாள் லீவு போட்டா அன்னைக்குக் கூலி யார் குடுப்பா?"

சம்பள வாரத்தில் ஒரு மாலை, ஷிப்டு முடியும் நேரத்தில், வங்கி ஊழியர் ஒருவர் நம்பர் மாற்றும் படிவத்தோடு கம்பெனி வாசலில் மேசை போட்டு உட்கார வேண்டும். சம்பளக் கணக்குகளை மொத்தமாக வங்கிக்குக் கொடுக்கும் நிர்வாகம் கேட்டால் எந்தக் கிளையும் மறுக்காது.