அலையும் எடிட்டிங்கும்

அலை மேல் நிற்பதற்கு யாராவது பாடம் நடத்த வேண்டுமா? கோவளத்தில் இப்படிக் கேட்டால் மூர்த்தி மேகவனைக் காட்டுவார்கள். சிறுவயதில் மரப்பலகையை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கி, விழுந்து விழுந்து தானாகவே பழகிய மீனவர் அவர். 2012ல் அதே ஊரில் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். 2013ல் அங்கே அலைச்சறுக்குத் திருவிழாவும் ஆரம்பமானது.

அந்தக் கரையில் இன்னொருவனும் தானாகவே ஒன்றைப் பழகிக் கொண்டிருந்தான். அவன் கையில் பலகை இல்லை, செல்போன்தான் இருந்தது!

நண்பர்கள் அலையில் சறுக்குவதைப் படம் பிடிப்பான். கைன்மாஸ்டரில் வெட்டி ஒட்டி, பாட்டு சேர்ப்பான். இலவசமாகப் பயன்படுத்தியதால் மூலையில் அந்தச் செயலியின் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். எடிட்டிங்கும் மோஷன் கிராபிக்ஸும் படிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னான். கட்டணத்தைக் கேட்டதும் அப்பா எழுந்து போய்விட்டார். படகின் இன்ஜினுக்கு வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை, பாவம் அவர் என்ன செய்வார்?

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடி வாங்கினான். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. எழுத்துகளையும் உருவங்களையும் அசைய வைக்க பிளெண்டர். இந்த பிளெண்டருக்கே ஒரு கதை உண்டு. 2002ல் அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் இணையம் வழியாக ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி, மென்பொருளை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அதில் உருவான 'ஃப்ளோ' என்ற அனிமேஷன் படம் 2025ல் ஆஸ்கர் வாங்கியது. அதன் இயக்குநர் லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ், அனிமேஷனைத் தானாகக் கற்றவர். அதற்கு முந்தைய 'அவே' (2019) படத்தை இசை உட்பட எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்தவர்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவனுக்கு ஒரே வேகம். ஊர்ப் படகு கடலுக்குப் போவதை இரண்டு நிமிட வீடியோவாகச் செய்தான். காட்சிக்குக் காட்சி ஒரு எஃபெக்ட். தலைப்பு சுழன்று வந்து வெடித்துச் சிதறும். நண்பர்கள் எல்லோரும் "சூப்பர் மச்சி" என்றார்கள். கடைசியாக அப்பாவிடம் காட்டினான்.

"போன போட்டு எதுக்குடா உடனே கரைக்குத் திரும்புது? டீசல் தீந்துபோச்சா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் கவனித்தான். முதல் காட்சியைப் படகுக்குத் தெற்கே நின்று எடுத்திருந்தான், படகு இடமிருந்து வலமாகப் போனது. அடுத்ததை வடக்கே நின்று எடுத்ததால் வலமிருந்து இடமாகப் போனது. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் படகு திரும்பி வருவது போலத்தானே தெரியும்? திரைப்படக் கல்லூரிகளில் இதை 180 டிகிரி விதி என்பார்கள். படகு போகும் பாதையை ஒரு கோடாக நினைத்து, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் அந்தப் பெயரைப் பிறகுதான் தெரிந்துகொண்டான். பாடத்தை அப்பா முதலிலேயே நடத்திவிட்டார்!

படகின் பின்னாலிருந்து நேராக எடுத்த காட்சி ஒன்று கையில் இருந்தது. அதை நடுவில் வைத்ததும் சரியாகிவிட்டது. பிறகு எஃபெக்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். தலைப்பும் மாறியது. தொடக்கத்தையும் முடிவையும் குறித்துக் கொடுத்தால் இடைப்பட்ட அசைவைக் கம்ப்யூட்டரே நிரப்பும். ஆனால் வேகம் ஒரே சீராக இருந்தால் எழுத்து உயிரில்லாமல் நகரும். அலை மேல் ஏறும் படகு உச்சியில் கொஞ்சம் தயங்கித்தானே இறங்குகிறது? அதே தயக்கத்தை எழுத்துக்கும் கொடுத்தான்.

இப்போது அவன் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறான். இன்ஜின் கடனில் ஒரு பங்கு அவனுடையது. எந்த வீடியோவையும் அனுப்பும் முன் அப்பா கடலிலிருந்து வரும்வரை காத்திருக்கிறான்.

பலகை மேல் தவறு செய்தால் கடல் உடனே கவிழ்த்துவிடும். கம்ப்யூட்டர் அப்படிக் கவிழ்க்காது, எதைச் செய்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும். தானாகக் கற்பவனுக்கு உள்ள பெரிய ஆபத்தே இதுதான். நீங்களும் அப்படிக் கற்றுக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் "சூப்பர்" என்று சொல்லாத ஒருவரை உடனே தேடிப் பிடியுங்கள். அவர் உங்கள் வீட்டிலேயே கூட இருக்கலாம்!