கோட்டை ஏறியாச்சு... கார் கிளம்பலையே! - சங்ககிரியில் ஒரு 'திக் திக்' மதியம்

சேலத்திலிருந்து ஈரோடு போகும்போதெல்லாம் சங்ககிரி மலை கண்ணில் படும். 'ஒருநாள் ஏறணும்' என்று நினைப்பதோடு சரி. போன மாதம் அந்த ஒருநாள் வந்தது. ஆனால், தப்பான நாளில் வந்தது!

அன்று மாலை 6 மணிக்கு ஈரோட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அப்பாவும் அக்காவும் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மோதிரமும் தாம்பூலத் தட்டுகளும் என் காரில். "இன்னும் நேரம் இருக்கும்மா, ரெண்டே மணி நேரம். போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்" என்று அம்மாவை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறினேன்.

சங்கு போல இருப்பதால் சங்ககிரி என்கிறார்கள். அடுக்கடுக்கான மதில்கள், வாசல்கள், உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் போரிட்ட தீரன் சின்னமலையை, 1805 ஜூலை 31-ல் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான். ஆண்டுதோறும் ஆடி 18 அன்று அவருக்கு இங்கே மரியாதை செய்கிறார்கள். இதெல்லாம் தெரிந்துதான் ஏறினேன். ஆனாலும், அந்த மதிலைத் தொட்டபோது பேச்சு வரவில்லை.

இறங்கி வந்தால் அம்மா காரில் ஜாலியாக இருந்தார். வெயிலுக்குக் கதவைத் திறந்துவைத்து, சாவியைத் திருப்பி, ஃபேனும் பாட்டும் போட்டிருந்தார். இன்ஜின் ஓடவில்லை. இரண்டு மணி நேரமும் மொத்த பாரமும் பேட்டரி மேல்!

சாவியைத் திருப்பினேன். 'டக்... டக்... டக்.' செல்ஃப் எடுக்கவில்லை. மணி 3.40.

"தள்ளிப் பார்க்கலாமா?" என்றார் அம்மா. கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளலாம். எங்களுடையது ஆட்டோமேட்டிக். தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஆனால், நாங்கள் நின்றது லாரிக்காரர்களின் ஊர். நாமக்கல்லுக்கு பாடி கட்டும் தொழில், திருச்செங்கோட்டுக்கு ரிக் வண்டி என்றால், சங்ககிரிக்கு லாரி. ஐந்து நிமிடத்தில் ஒரு லாரி டிரைவர் நிறுத்தினார். "கேபிள் இருக்குதுங்க, என் வண்டியில இருந்து கரன்ட் கொடுத்துடலாம்" என்றார்.

அதற்குள் பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் கையைத் தட்டிவிட்டார். "லாரியில ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 ஆகுதுங்க. அதை அப்படியே காருக்குக் கொடுத்தா உள்ள இருக்கிற கம்ப்யூட்டரே போயிரும் அம்மிணி!"

அவரே மொபெட்டில் போய்த் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி கொண்டுவந்தார். மீட்டர் வைத்தார். எங்கள் பேட்டரி 11.2 காட்டியது. நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி என்றால் 12.6 இருக்க வேண்டுமாம். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டினார்.

"பார்த்துக்கோங்க. சிவப்பு ஒயர் ரெண்டு பிளஸ்ஸுக்கும். கறுப்பு, நல்ல பேட்டரி மைனஸுக்கு. அதோட மறுமுனையை உங்க பேட்டரியில மாட்டக் கூடாது. இன்ஜின் இரும்புல மாட்டணும்." பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு, தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும் என்பதால் இந்த ஜாக்கிரதை. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

சாவியைத் திருப்பினேன். 'வ்ரூம்!' அம்மா கையெடுத்துக் கும்பிட்டார், மலையைப் பார்த்தா அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை.

இன்ஜின் ஓடும்போது மீட்டர் 14.1 காட்டியது. "சார்ஜ் ஏறுதுங்க. ஈரோடு போற வரைக்கும் அணைக்காதீங்க. பேட்டரிக்கு நாலு வருஷம் ஆச்சு, மாத்திடுங்க" என்று 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். லாரி டிரைவரோ அதுவரை நகரவில்லை. உங்களுக்கு நேரமாகலையா என்றேன். "வண்டி நின்னுட்டா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியுமுங்க. நீங்க மொதல்ல கிளம்புங்க" என்றார்.

5.20-க்கு மண்டபத்தில் இருந்தோம். மோதிரம் நேரத்துக்கு விரலேறியது. மறுநாள் பேட்டரி மாற்றினேன். டிக்கியில் இப்போது ஒரு ஜோடி கேபிள் இருக்கிறது. வழியில் யாராவது நின்றிருந்தால் நானும் நிறுத்த வேண்டும் இல்லையா?