வேலி தாண்டிய பெண்

போன வருஷம் அடுத்த வீட்டுப் பெண் எங்கள் வேலியைத் தாண்டிக் குதித்தபோது நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். செம்பருத்திக் கிளை இரண்டு முறிந்துபோயிற்று. அதுதான் என் வழக்கு. பன்னிரண்டு வயசுப் பெண். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

ஞாபகப்படுத்தியது ஒரு புத்தகம். அமெரிக்காவில், டெக்ஸாஸில், போமான்ட் என்ற ஊரில் வளர்ந்த 'பேப்' டிட்ரிக்ஸன் 1955-ல் வெளியிட்ட சுயசரிதை. நார்வேயிலிருந்து குடியேறிய தச்சரின் மகள் அவள். வீட்டுக்கும் தெருமுனை மளிகைக் கடைக்கும் நடுவில் ஏழு செடிவேலிகள். கடைக்கு அனுப்பினால் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டுதான் போவாள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட உயரம். அந்த வீட்டுக்காரரிடம் போய், அதைக் கொஞ்சம் கத்தரித்துவிடச் சொல்லிக் கேட்டாள். மனிதர் கத்தரித்தும் விட்டாராம்! புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஹைஸ்கூலில் அவள் ஆடாத ஆட்டம் இல்லை. பாஸ்கெட்பால், வாலிபால், டென்னிஸ், நீச்சல், கோல்ஃப் எல்லாம் உண்டு. 1930-ல், படிப்பு முடிவதற்குள்ளேயே, டல்லஸில் ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தன் பாஸ்கெட்பால் கோஷ்டிக்காக அவளை அழைத்துக்கொண்டது. பேருக்கு ஆபீஸ் உத்தியோகம். மாதம் 75 டாலர். பெண்ணுக்கு ஆட்டத்துக்கென்று சம்பளம் கொடுக்க யார் இருந்தார்கள்?

1932 ஜூலையில் இவான்ஸ்டன் நகரில் தேசியப் போட்டி. கம்பெனியின் கோஷ்டி என்று வந்து நின்றவள் இவள் ஒருத்திதான்! ஒரே பிற்பகலில் எட்டுப் பந்தயங்கள். 30 புள்ளிகள் பெற்று முதலிடம். இரண்டாவதாக வந்த இல்லினாய் மாதர் சங்கத்தில் 22 பேர். அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 22 புள்ளிகள்.

அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ். ஒரு பெண் மூன்று பந்தயங்களுக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாதென்று விதி. ஈட்டி எறிவதில் தங்கம். தடை ஓட்டத்தில் 11.7 விநாடி, அதிலும் தங்கம். உயரம் தாண்டுவதில் முதலிடத்துக்குச் சமமாகத் தாண்டினாள். ஆனால் உடம்புக்கு முன்னால் தலை கம்பைக் கடந்துவிட்டது, முறை தப்பு என்று வெள்ளியோடு நிறுத்திவிட்டார்கள்.

அதே வருஷக் கடைசியில் ஒரு மோட்டார் விளம்பரத்தில் அவள் படம் வரவே, அமெச்சூர் சங்கம் தடை விதித்தது. வயிற்றுப்பாட்டுக்கு நாடக மேடையேறி மௌத் ஆர்கன் கூட வாசித்தாள். பிறகுதான் கோல்ஃப். 1953-ல் குடலில் புற்றுநோய், ஆபரேஷன். மறு வருஷமே, வயிற்றில் கட்டிய பையோடு ஆடி, அமெரிக்க ஓபன் பட்டத்தை 12 அடி வித்தியாசத்தில் வென்றாள். 1956-ல் இறந்தபோது வயசு 45.

நேற்று அடுத்த வீட்டுப் பெண் வாசல் வழியாக வந்து மோர் கேட்டாள். "ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தாயா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இப்பல்லாம் ஓடறதில்லை, மாமா."

அவள் போன பிறகு கத்தரிக்கோலைத் தேடினேன். துருப்பிடித்துக் கிடந்தது.