உள்ளே பிடிக்கும் துரு

தூத்துக்குடியில் பைக் சைலன்சர் துருப்பிடித்தால் எல்லோரும் உப்பைத்தான் குறை சொல்கிறார்கள். உப்பளப் பாதையில் தினம் போய்வரும் வண்டிகளைப் பார்த்தால் அது நியாயமாகவும் தெரியும். செயின் கவர், ஸ்டாண்டு, ஸ்போக்ஸ் என்று எதையும் அந்தக் காற்று விட்டுவைப்பதில்லை. ஆனால் சைலன்சரில் ஓட்டை விழுவது பெரும்பாலும் வெளிக்காற்றால் அல்ல. கழற்றிப்போட்ட பழைய சைலன்சர் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். வெளியே குரோம் பளபளத்துக்கொண்டிருக்கும். உள்ளே தகடு செதில் செதிலாக உரிந்து கையோடு வரும்.

பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். சைலன்சர் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகப் போய்விடும். சூடேறவில்லையென்றால் உள்ளேயே வேர்த்து, புகையிலுள்ள அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். அதனால்தான் நெடுந்தூரம் ஓடும் வண்டியைவிட, பால் வாங்கவும் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடவும் மட்டும் எடுக்கிற வண்டியின் சைலன்சர் சீக்கிரம் போகிறது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எரியாத ஆயில் உட்புறம் படிந்து தகட்டைக் காக்கும். அங்கே தொல்லை கரிதான்.

என்னிடம் அதிகம் வருபவை ஹீரோ ஹோண்டாவின் பழைய வண்டிகள். 1985-இல் வந்த சிடி 100, 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டர், இரண்டிலும் 97.2 சிசி இன்ஜின். “அண்ணாச்சி, சத்தம் மாறிட்டு, என்னன்னு பாருங்க” என்றுதான் வந்து நிற்பார்கள். உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, மெதுவாக ஓடவிட்டு, மடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு கணம் அழுத்திப் பிடிப்பேன். இன்ஜின் திணறி நின்றுபோனால் வழியில் கசிவு இல்லை. நிற்காமல் ஓடினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ‘புஸ்ஸ்’ என்ற சத்தமே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் கரிக்கோடு படிந்திருந்தால் அங்கே கேஸ்கெட் போயிருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடிப்பதற்கும் பல நேரம் அந்தக் கசிவே காரணம். கார்புரேட்டரை எத்தனை முறை டியூன் செய்தாலும் அது நிற்காது.

இனிமேல் சைலன்சரைக் கழற்றுவதில்தான் இந்த வேலையின் உயிர்நாடி. சைலன்சரை ஹெட்டோடு பிடித்திருப்பவை இரண்டு சின்ன ஸ்டட்டுகள். ஹெட் அலுமினியம், ஸ்டட்டு இரும்பு. வருடக்கணக்கில் சூடாகி ஆறி, துருவேறி, நட்டும் ஸ்டட்டும் ஒரே உலோகம்போல ஆகியிருக்கும். நீளமான பிடி போட்டு ஒரே திருப்பாகத் திருப்பினால் ஸ்டட்டு முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். இருநூறு ரூபாய் வேலை அந்த நொடியில் ஹெட்டைக் கழற்றுகிற வேலையாகிவிடும்.

நான் முதல்நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைப்பேன். மறுநாள் காலையில் இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்குவேன். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்தச் சூட்டில் ஹெட் தன் பிடியைத் தளர்த்தும். ஸ்பேனரை மாட்டி முதலில் மயிரிழை அளவு முறுக்கும் பக்கமாகத் திருப்ப வேண்டும். துரு உடையும்போது ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும். அது வந்தபிறகு கால் திருப்பு கழற்றி, அரைக்கால் திருப்பு உள்ளே, மறுபடி வெளியே. இடையிடையே எண்ணெய். நட்டு ரப்பர்போல இழுத்துக்கொடுத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்; ஸ்டட்டு முறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. அவசரப்படும் வாடிக்கையாளரை டீக்கடைக்கு அனுப்பிவிடுவேன்.

முறிந்தே போனால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையை முடித்துவிடும். உள்ளுக்குள் முறிந்திருந்தால் லேத் பட்டறைதான்.

கழற்றிய சைலன்சரைத் தேங்காய் தட்டுவதுபோல ஸ்க்ரூ டிரைவர் பிடியால் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மொக்கையாகச் சத்தம் கொடுக்கும். ஓட்டையைச் சுற்றி நல்ல தகடு இருந்தால் கேஸ் வெல்டிங்கில் ஒட்டுப் போடலாம். மெல்லிய தகட்டில் ஆர்க் வெல்டிங் ஒரு ஓட்டையை மூன்றாக்கிவிடும். ஒட்டுக்கு வெறும் இரும்புத் தகடே வேண்டும். நாகம் பூசிய தகட்டைச் சுட்டால் எழும் வெள்ளைப் புகை வெல்டிங் செய்பவருக்குக் குளிர்காய்ச்சலைத் தரும். குச்சியால் குத்தினாலே உள்ளே போகிறதென்றால் ஒட்டு வேண்டாம், புதியதே வாங்குங்கள். வாங்கும்போது கையில் தூக்கி எடையைப் பாருங்கள். டூப்ளிகேட் சைலன்சரில் பெரும்பாலும் தகடும் மெலிது, உள்ளே இருக்க வேண்டிய தடுப்புகளும் குறைவு. சத்தத்துக்காக அந்தத் தடுப்பை வெட்டித் தரச் சொல்லி வரும் பையன்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தெருவில் தூங்கும் கைக்குழந்தைகள்மேல் எனக்கு அக்கறை உண்டு.

மாட்டுவதிலும் ஒரு வரிசை உண்டு. புது கேஸ்கெட், ஸ்டட்டு மரையில் கிராஃபைட் கிரீஸ். இரண்டு நட்டுகளையும் கைமுறுக்கில் விட்டு, பின்பக்கப் போல்ட்டையும் தளர்வாகவே மாட்டி, சைலன்சர் தானாக உட்கார்ந்தபிறகு முதலில் ஹெட் பக்கம் மாற்றி மாற்றி முறுக்கி, கடைசியில்தான் பின்பக்கத்தை இறுக்க வேண்டும். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் பெண்ட் பைப் இழுவையிலேயே நின்று, அதிர்வில் என்றாவது விரிசல் விடும். ஒருமுறை ஓட்டி ஆறியபிறகு நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும்.

சைலன்சரின் அடியில் ஒரு சிறு துளை இருக்கலாம். காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வெல்டிங் வைத்து அடைத்துத் தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தேங்கும் தண்ணீர் வெளியேறத்தான் கம்பெனியே அதை வைத்திருக்கிறது. அதை அடைக்காதீர்கள். மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒருநாளாவது வண்டியை அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள்.