எழுபது வளைவும் ஒரு கட்லாவும்

கொல்லிமலைக்கு பஸ் ஏறப் போறீங்களா? காரவள்ளி வர்றதுக்குள்ள ஜன்னல் சீட்டைப் பிடிச்சிடுங்க. அங்கேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு. பதினஞ்சாவது வளைவுலயே பாதி பஸ்ஸுக்குத் தலை சுத்தும். எனக்கோ கவலை வேற. முன் சீட் அண்ணன் காலடியில ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ், ஐஸுக்குள்ளே பண்ணைக் கட்லா.

"மேல போறதுக்குள்ள கெட்டுடாதாண்ணே?"

"கெட்டா என் ஒருநாள் பொழப்பு போச்சு தம்பி. செவுளைத் தூக்கிப் பாரு, ரத்தச் சிவப்பா இருக்கணும். விரலால அமுக்கு, குழி உடனே மேல வரணும். அவ்ளோதான்."

இந்த விரல் வேலையைச் செய்ய ஒரு மெஷின் இருக்கு பாஸ். பேரு டாரிமீட்டர். ஸ்காட்லாந்தின் அபர்தீன்ல இருந்த டாரி ஆராய்ச்சி நிலையத்துல பிறந்தது. மீன் தோல் மேல வெச்சா லேசா மின்சாரம் அனுப்பி, கரன்ட்டுக்கும் வோல்டேஜுக்கும் நடுவே இருக்கிற ஃபேஸ் ஆங்கிளை அளக்கும். (ஆமா, லேப்ல நாம தூங்கி வழிஞ்ச அதே ஏ.சி. சர்க்யூட்!) புது மீன்ல செல் சவ்வு கெபாசிட்டர் மாதிரி நிக்கும். நாளாக ஆக சவ்வு சிதைஞ்சு உள்ளே இருக்கிற திரவம் கசியும், ரீடிங் இறங்கும். ஒரே ஓட்டை, ஃப்ரீசர்ல உறைஞ்சு உருகின மீன். ஐஸ் படிகமே சவ்வைக் கிழிச்சிடுறதால, நல்ல மீனையும் பழசுன்னு சொல்லிடும்.

மோப்பம் பிடிக்கிற சென்சார்? கடல்மீன் கெடும்போது வர்ற வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்தில் அமீன். கட்லா மாதிரி குளத்து மீன்ல அதுக்கான சரக்கே ரொம்பக் கம்மி. கடல்மீனுக்குப் பழக்கின எலெக்ட்ரானிக் மூக்கு இங்கே ஏமாந்துடும். ஃபார்மலின் தடவிட்டா இன்னும் மோசம், பாக்டீரியா செத்து நாத்தமே வராது. அதைப் பிடிக்கத்தான் கொச்சியில இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-ல ஒரு கிட் கொண்டுவந்துச்சு. காகிதத்தை மீன் மேல தேய்ச்சு, சொட்டு விட்டா நிறம் மாறும்.

இதையெல்லாம் அண்ணன்கிட்ட அளந்தேன். "அறுத்துக் குழம்பு வெச்ச மீனே ஒட்டிக்கிட்டு ஆத்துல குதிச்ச மலை தம்பி இது"ன்னார். அறப்பளீஸ்வரர் கோயில் கதை. அங்கே ஆத்து மீனுக்குத் தீனி போட்டுட்டுத்தான் சாமி கும்பிடுறாங்க. மறக்காம போங்க.

செம்மேட்டுல இறங்கினதும் பெட்டியைத் திறந்து, "அமுக்கு"ன்னார். அமுக்கினேன். குழி பட்டுனு மேல வந்துடுச்சு.

"ரீடிங் எவ்ளோ தம்பி?"